மாடி ஏற ஏறச் சுருங்கும் பூங்கா

மனை விற்பனைக்காரர்கள் கொடுக்கும் வரைபடத்தில் எப்போதும் ஒரு பச்சைக் கட்டம் இருக்கும். எண்ணிட்ட மனைகள் வரிசையாக நிற்கும், நடுவே 30 அடிச் சாலைகள் ஓடும், எங்கோ ஒரு மூலையில் 'பூங்கா' என்று எழுதி இரண்டு மரங்கள் வரைந்திருப்பார்கள். வாங்க வருபவர்கள் கிழக்குப் பார்த்த மனையா, மூலை மனையா, பட்டா தனியாகக் கிடைக்குமா, நிலத்தடி நீர் எப்படி என்றெல்லாம் விசாரிப்பார்கள். அந்தப் பச்சைக் கட்டத்தைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. அது எப்படி வந்தது, யாருக்குச் சொந்தம், ஏன் அந்த அளவில் இருக்கிறது என்பதற்கெல்லாம் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டால், சென்னையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இத்தனை வேகமாக வீடு கட்டிக்கொண்டு போகையில் பூங்காக்கள் மட்டும் ஏன் பின்தங்கிப்போகின்றன என்பதும் விளங்கும்.

கட்டுமானத் துறையினர் அதை 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்பார்கள், திறந்தவெளி ஒதுக்கீடு என்பது அரசாணைத் தமிழ். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, மேம்படுத்தப்படும் நிலம் 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது முக்கால் ஏக்கருக்குள் இருந்தால் திறந்தவெளிக்கென்று எதுவும் விட வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். முடியாவிட்டால் அந்த நிலத்தின் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல், சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டிவிட்டால், பணம் செல்லாது. நிலமாகத்தான் தர வேண்டும். அந்த நிலத்தைத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்த பிறகே திட்ட அனுமதி கைக்கு வரும். 2019-க்கு முன்பிருந்தே தொடரும் இந்த ஏற்பாட்டை எதிர்த்து, எங்கள் நிலத்தை இலவசமாக எழுதி வாங்க அரசுக்கு என்ன உரிமை என்று சென்னை அடுக்குமாடி உரிமையாளர்கள் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சட்டத்தின் வலுவைப் பற்றி இனிச் சந்தேகம் இல்லை. அதன் அளவுகோலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அளவுகோல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விதி நிலத்தை அளக்கிறது, மனிதர்களை எண்ணுவதில்லை. ஒரு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொள்வோம், அதாவது 10,000 சதுர மீட்டர். அதைத் தனி வீட்டு மனைகளாகப் பிரிக்கிறார்கள். சாலைக்குக் கால்பங்கு போனால் மீதி 7,500 சதுர மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு 750 சதுர மீட்டர் பூங்கா. எஞ்சிய இடத்தில் அரை கிரவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாக 50 மனைகள் கிடைக்கும். வீட்டுக்கு 4 பேர் என்றால் 200 பேர், தலைக்கு 3.75 சதுர மீட்டர் பூங்கா. பெருமைப்படும் அளவில்லை என்றாலும் குழந்தைகள் ஓடி விளையாடலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே மனைகளில் கீழே கார் நிறுத்தமும் மேலே நான்கு வீடுகளுமாகக் கட்டடங்கள் எழும்புகின்றன. இப்போது 200 வீடுகள், 800 பேர். பூங்கா அதே 750 சதுர மீட்டர். தலைக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது. அதே ஒரு ஹெக்டேரில் முதலிலிருந்தே உயர்மாடிக் குடியிருப்பு வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இதே பக்கம்தான் சாயும். நிலத்தின் பரப்பைப் போல 3.25 மடங்கு தளம் கட்டலாம். 32,500 சதுர மீட்டர் தளத்தில், பொது இடங்களையும் சேர்த்து வீட்டுக்கு 100 சதுர மீட்டர் என்றால் 325 வீடுகள், 1,300 பேர். பூங்கா 1,000 சதுர மீட்டர். ஓர் ஆளுக்குக் கிடைப்பது ஒருவர் படுக்கும் கோரைப்பாயில் பாதிகூட இல்லை. மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டுதல்கள் ஏற்கெனவே வெளியாகியிருக்கின்றன. நபருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று அவை சொல்கின்றன.

இந்த இடைவெளி தானாக விழுந்ததல்ல. 2008-ல் அறிவிக்கப்பட்ட சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு (நிலப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு) 1.5, பலமாடிக் கட்டடங்களுக்கு 2.5. 2019 விதிகள் அவற்றை 2 என்றும் 3.25 என்றும் உயர்த்தின. அகலமான சாலையோரத்தில் நிலம் இருந்து, கூடுதல் கட்டணமும் செலுத்தினால் இதற்கும் மேலே 50 சதவீதம் வரை கட்டிக்கொள்ளலாம். வீட்டுப் பற்றாக்குறையுள்ள நகரத்தில் மேல்நோக்கிக் கட்ட அனுமதிப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஊர் செங்கல்பட்டையும் தாண்டிப் படர்ந்து ஏரிகளையும் வயல்களையும் விழுங்கும். ஆனால் ஒரே நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் குடியேற்றலாம் என்று ஒரு கையால் எழுதியவர்கள், மறு கையால் திறந்தவெளிப் பங்கை அதே 10 சதவீதத்தில் விட்டுவிட்டார்கள். தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் மின்சாரத்துக்கும் எத்தனை வீடு என்று கேட்டுத்தான் குழாயின் அளவையும் மின்மாற்றியின் திறனையும் தீர்மானிக்கிறார்கள். பூங்காவுக்கு மட்டும் எத்தனை வீடு என்ற கேள்வியே எழுவதில்லை.

விதிக்குள் வராமல் நழுவுகிற வளர்ச்சி இன்னொரு பக்கம். சென்னையின் உட்பகுதிகளில் இன்று வீடுகள் பெருகுவது புது மனைப்பிரிவுகளால் அல்ல. பழைய தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதால். மாம்பலம், மயிலாப்பூர், கே.கே. நகர், பெரம்பூர் என்று எந்தத் தெருவில் பார்த்தாலும் இரண்டு கிரவுண்டு வீடு எட்டுக் குடும்பங்களாக மாறுகிறது. ஒவ்வொன்றும் 3,000 சதுர மீட்டருக்கு வெகு கீழே. ஆகவே ஒரு தெரு முழுக்க மக்கள்தொகை மூன்று மடங்கானாலும் பூங்காக் கணக்கில் சேருவது பூஜ்யம். நகரத்தின் விளிம்பிலோ, அங்கீகாரமே இல்லாமல் பல்லாண்டுகளாக மனைகள் விற்கப்பட்டன. அவற்றின் பத்திரப்பதிவுக்கு 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறைக் கட்டணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைத்துவிடும். ஆனால் எல்லா இடத்தையும் விற்றுத் தீர்த்துவிட்ட மனைப்பிரிவில் பூங்காவை எங்கிருந்து கொண்டுவருவது?

விதிக்கு உட்பட்டு வருகிற நிலத்தின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். குறைந்தது 100 சதுர மீட்டர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. ஆனால் அந்த 10 சதவீதம் மனைப்பிரிவின் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதில் புரமோட்டரின் விருப்பத்துக்கே இடம் அதிகம். விற்க முடியாத முக்கோணம், உயர்மின் கம்பிக்கு அருகில் உள்ள துண்டு, மழைக்காலத்தில் முதலில் தண்ணீர் நிற்கும் பள்ளம் ஆகியவை பூங்காவாவதில் வியப்பில்லை. வியாபாரி நல்ல சரக்கை விற்பனைக்குத்தான் வைப்பார். பக்கத்துப் பக்கத்தில் வருகிற ஐந்து மனைப்பிரிவுகள் ஆளுக்கொரு மூலையில் 700, 800 சதுர மீட்டர் கொடுத்தால், ஊருக்கு ஐந்து குட்டைத் துண்டுகள் கிடைக்கும். எதிலும் பிள்ளைகள் பந்தாட முடியாது, பெரிய மரங்கள் வளர இடமிருக்காது, ஐந்துக்கும் தனித்தனிச் சுற்றுச்சுவர், தனித்தனிக் காவலாளி. அதே பரப்பு ஒரே இடத்தில் ஒரு ஏக்கராகக் கிடைத்திருந்தால் கதை வேறு. துண்டுகளை முன்கூட்டியே ஒருங்கிணைக்கிற திட்டம் இல்லாததால்தான் அது நடப்பதில்லை.

முன்கூட்டியே என்ற சொல்லுக்குச் சென்னையின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1920-ல் சென்னை மாகாணம் நகரமைப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் நிழலில்தான் தியாகராய நகர் உருவானது. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து விரியும் சாலைகள், சற்றுத் தள்ளி நடேசன் பூங்கா என்று பூங்காக்களை முதலில் குறித்துவிட்டு மனைகளை அவற்றைச் சுற்றி அடுக்கினார்கள். (அதற்காகப் பழைய நெடிய ஏரியைத் தூர்த்தார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை, அந்த ஏரியின் இடத்தில் ஓடும் தெருக்கள் மழைக்கு மழை அதை நினைவூட்டுகின்றன.) இன்று தென்னிந்தியாவின் மிக நெரிசலான கடைவீதிகளில் ஒன்றாக அந்த வட்டாரம் மாறியும், நூறாண்டுக்கு முன் வரைபடத்தில் போட்ட கோடு அந்தப் பூங்காக்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணா நகரிலும் இதே பாடம். 1968-ல் வர்த்தகக் கண்காட்சிக்காகக் கோபுரம் எழுந்த இடம் விஸ்வேஸ்வரய்யா பூங்காவாக நிலைத்தது. வீட்டு வசதி வாரியம் போட்ட அந்த நகரமைப்பில் சாலைகளுக்கு முன்பே பொது இடங்களுக்கு இடம் இருந்தது. எதிர்மறைச் சாட்சி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. 1859-ல் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கரில் தொடங்கப்பட்டது. குளங்கள், நிழற்சாலைகள், பிற்பாடு ஒரு மிருகக்காட்சிசாலை என்று அது நகரத்தின் முற்றமாக இருந்தது. பிறகு விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஒவ்வொன்றும் அந்தந்த நாளில் அவசியமானதாகத்தான் தோன்றியிருக்கும். பூங்கா ஒரே நாளில் பறிபோவதில்லை. நல்ல காரணங்களுக்காகத் துண்டு துண்டாகப் போகிறது.

சென்னை முழுவதையும் கூட்டி வகுத்துச் சராசரி சொன்னால் நிலைமை இவ்வளவு மோசமாகத் தெரியாது. அதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்கா மட்டுமே 2.7 சதுர கிலோமீட்டர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,250 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் நகரத்துக்கு உயிர்நாடி. ஆனால் வியாசர்பாடியில் இருக்கிற பாட்டி மாலையில் காலாற நடக்கக் கிண்டிக்குப் போக முடியாது. சதுப்பு நிலத்தில் யாரும் ஊஞ்சல் கட்டுவதும் இல்லை, கட்டவும் கூடாது. ஆகவே நபருக்கு இத்தனை சதுர மீட்டர் என்பதோடு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் நேர்மையான அளவு. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் அப்படித்தான் கேட்கிறது: அரை ஹெக்டேருக்குக் குறையாத ஒரு பசுமை வெளி 300 மீட்டருக்குள் இருக்கிறதா? சிங்கப்பூரில் 1,000 பேருக்கு 0.8 ஹெக்டேர் பூங்கா என்பது திட்டமிடல் அளவு. 2030-க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா என்பது அறிவித்திருக்கிற இலக்கு. கலிஃபோர்னியாவில் 1965-ல் பிறந்த க்விம்பி சட்டம், புது மனைப்பிரிவு போடுபவரிடம் 1,000 பேருக்கு 3 ஏக்கர் என்ற கணக்கில் பூங்கா நிலமோ அதற்கு ஈடான பணமோ கேட்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தருகிறது. சிங்கப்பூருக்கும் கலிஃபோர்னியாவுக்கும் பொதுவான அம்சம் தாராளம் அல்ல. இருவரும் தலைகளை எண்ணுகிறார்கள்.

சிங்கப்பூர் ஒப்பீடு வந்ததுமே, அங்கே பெரும்பாலான நிலம் அரசுக்குச் சொந்தம், இங்கே அப்படியா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. அதனால்தான் அங்கிருந்து முறையை எடுக்க முடியாது, அளவுகோலை மட்டும் எடுக்கலாம். முறைக்கு நம் நாட்டிலேயே குஜராத் இருக்கிறது. அங்கே 1976-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின்கீழ், ஒரு பகுதியின் நிலங்களையெல்லாம் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, சாலை, பூங்கா, பள்ளி முதலியவற்றுக்கு உரிய பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான மனைகளாக அதே உரிமையாளர்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். பூங்கா, விளையாட்டுத் திடல் வகைக்கு 5 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது. நம்முடைய 10 சதவீதத்தைவிட அது குறைவாகத் தெரியலாம். ஆனால் அது ஒரு புரமோட்டரின் நிலத்தில் 5 சதவீதம் அல்ல, பகுதி முழுவதிலும் 5 சதவீதம். சிறு நிலக்காரர் விலக்கு என்பதெல்லாம் இல்லை, துண்டுகளும் இல்லை, எங்கே வர வேண்டும் என்பதைத் திட்டம் போடுபவர் தீர்மானிக்கிறார்.

இனி, அதிகம் கேட்கப்படுகிற மறுப்புக்கு வருவோம். பூங்காவுக்குக் கூடுதல் நிலமோ பணமோ கேட்டால் வீட்டு விலை ஏறும், நடுத்தரக் குடும்பம்தான் பாதிக்கப்படும் என்கிறார்கள். பாதி உண்மை. ஏற்கெனவே நிலம் வாங்கி, திட்டமும் போட்டுவிட்ட புரமோட்டர்மீது திடீரென்று புதுச் சுமையை ஏற்றினால், அது வாங்குபவர் தலையில்தான் விடியும். ஆனால் விதி முன்கூட்டியே தெரிந்திருந்தால் நிலைமை மாறுகிறது. வீட்டின் விலையை அந்த வட்டாரச் சந்தை தீர்மானிக்கிறது. கட்டுமானச் செலவு ஓரளவு நிலையானது. லாபத்தையும் கழித்துக்கொண்டு மீதி எவ்வளவோ அதைத்தான் புரமோட்டர் நிலத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொள்வார். பூங்காவின் பங்கு தெரிந்த செலவாகிவிட்டால் அது நிலத்தின் விலையிலிருந்து கழியும். தளப் பரப்புக் குறியீடு உயர்ந்தபோது இதற்கு நேர்மாறாக நடந்திருக்கும்: ஒரு கோடு மாறியதற்காக, ஒரு செங்கல்லும் வைக்காத நிலச் சொந்தக்காரரின் நிலம் விலை ஏறியது. அந்த ஏற்றத்தில் ஒரு சிறு பங்கைக் கேட்பது அநியாயமாகாது. கூடுதல் தளப் பரப்புக்கென்று அரசு ஏற்கெனவே கட்டணம் வாங்குகிறது. அதில் ஒரு பகுதி அதே வட்டாரத்தின் திறந்தவெளிக்கே போக வேண்டும் என்று சொன்னால், யாரிடமும் புதிதாக எதுவும் கேட்க வேண்டியதும் இல்லை. புரமோட்டர்கள் தங்கள் விளம்பரத்தில் 'பூங்கா எதிரில்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.

சென்னைக்குத்தான் கடற்கரை இருக்கிறதே என்பது அடுத்தது. மெரினா நகரத்தின் பெருமை. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆவடியிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் வாரத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு கிளம்பிப் போகிற இடம் அது; பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு வீட்டுப்பாடத்துக்குத் திரும்புகிற இடம் அல்ல. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த இடங்களில் பெரும்பகுதிக்குக் கடல் என்பது பயணம் போய்ப் பார்க்கிற காட்சி.

பெரிய வளாகங்களில் கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், நடைபாதை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, அங்கே பொதுப் பூங்கா எதற்கு என்ற கேள்வி கொஞ்சம் நின்று பேசத் தக்கது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்களுக்கென்று ஒரு தோட்டம் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் பாதி, கீழ்த்தளக் கார் நிறுத்தத்தின் கூரைமேல் இரண்டடி மண் கொட்டிப் போட்டது. அதில் புல் வளரும். வேம்பும் புங்கமும் வளராது, மழைநீரும் பூமிக்குள் இறங்காது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, நீர் இறங்க மண் வேண்டும் என்பது சென்னைவாசிகளுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய செய்தியல்ல. மாநகராட்சியே இப்போது மழைநீரை உறிஞ்சும்படி பூங்காக்களை அமைத்துவருகிறது. தவிர, அந்த வளாகத்துக்குள் வேலைக்கு வருகிற பெண்கள், எதிர்ச்சாரியில் வாடகை வீட்டில் இருப்பவர்கள், வளாகம் வருவதற்கு முன்பே அந்த ஊரில் இருந்தவர்கள் எல்லாரும் அதே சாலையை, அதே தண்ணீரை, அதே நெரிசலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். நிலம் பொதுச்சொத்து. அது காவலாளி நிற்கும் கேட்டுக்கு உட்புறம் அமைந்துவிட்டால், காகிதத்தில் ஊருக்கும் கையில் வளாகத்துக்கும் சொந்தமாகிவிடுகிறது. பொதுச்சாலையிலிருந்து நேரே நுழையும்படி அது இருக்க வேண்டும் என்பதை அனுமதி தரும்போதே உறுதிசெய்தால் பின்னால் வழக்குக்கு வேலையில்லை.

இந்த விவாதத்தில் யாரும் அதிகம் பேசாத வீடுகள் அரசே கட்டியவை. கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய இரண்டிலும் பல்லாயிரம் குடும்பங்கள் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. வீடு மிகச் சிறியது, பிள்ளைகள் அதிகம், கிளப் ஹவுஸ் கிடையாது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் வீட்டின் இன்னொரு அறையாக இருந்தாக வேண்டிய இடம் இதுதான். நிலத்தை அளக்கிற விதி, நெருக்கம் மிகுந்த இப்படிப்பட்ட குடியிருப்புக்குத் தலைக்கு மிகக் குறைவாகத் தருகிறது; வசதியானவர்களின் தனி வீட்டு மனைப்பிரிவுக்குத் தலைக்கு அதிகமாகத் தருகிறது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை என்றாலும் விளைவு அதுதான்.

இருக்கிற பூங்காவையே பராமரிக்க முடியவில்லை, இன்னும் எதற்கு என்பதுதான் எனக்கு மிகக் கனமாகப் படுகிற மறுப்பு. துருப்பிடித்த சறுக்குமரம், காய்ந்த புல்தரை, பகல் முழுக்கப் பூட்டிய கேட் இவையெல்லாம் கற்பனையல்ல. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பராமரிப்பு இந்த ஆண்டு மோசமாக இருந்தால் அடுத்த ஆண்டு சரிசெய்யலாம்; நல்ல ஆணையர் ஒருவர் வந்தால் ஆறு மாதத்தில் மாறிவிடும். நிலம் அப்படியல்ல. கட்டடம் எழும்பிய இடத்தை எந்த ஆணையரும் பூங்காவாக்க முடியாது. ஆகவே பராமரிக்கப் பணமில்லை என்பது நிலத்தைக் கைவிடக் காரணமாகாது. வேலி போட்டு நாலு மரம் நட்டு விட்டுவைத்தாலும் போதும். பராமரிப்புச் செலவில் ஒரு பகுதி அலங்காரத்துக்குப் போகிறது என்பதும் உண்மை: செயற்கை நீரூற்று, வண்ண விளக்கு, வெட்டிக்கொண்டே இருக்க வேண்டிய குரோட்டன்ஸ் வேலி. நிழலும், உட்கார ஒரு திண்ணையும், குடிதண்ணீரும், கழிப்பறையும் இருந்தால் மக்கள் வருவார்கள். மக்கள் வருகிற பூங்காவைக் கைவிடுவது எந்தக் கவுன்சிலருக்கும் எளிதல்ல.

நிலத்துக்குப் பதில் பணம் என்கிற வழி ஓர் ஓட்டையாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டி மதிப்பில் கணக்கிட்டுப் பணம் வாங்கும்போது, அது பல இடங்களில் சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கிறது. வாங்கிய பணத்தைச் சில ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு நிலம் தேடினால், விலை மேலும் ஏறியிருக்கும். பணம் எந்த வட்டாரத்தில் வசூலானதோ அங்கேயே செலவாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், வேளச்சேரியின் பூங்காப் பணம் வேறெங்கோ நடைபாதைக் கல்லாகப் போய்விடவும் கூடும். கலிஃபோர்னியச் சட்டத்தில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. அந்தப் பணத்தை 5 ஆண்டுகளுக்குள் குறிப்பிட்ட பூங்காவுக்கென்று ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்காவிட்டால் அந்த மனைப்பிரிவின் உரிமையாளர்களுக்கே திருப்பித் தர வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது. நம் விதியில் சேர்க்கத் தக்க ஒரே ஒரு வரியைச் சொல் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதற்கெல்லாம் காலம் இப்போதுதான். 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் பணியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) இறங்கியது. திருமழிசை, செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற துணைநகரங்களுக்குத் தனித் திட்டங்களும் பேசப்படுகின்றன. அங்கெல்லாம் இன்னும் வயலும் தரிசும் ஏரிக்கரையும் இருக்கின்றன. மனை போட்ட பிறகு பூங்காவைத் தேடுவதை விட்டு, எந்தப் புல எண்களில் பூங்கா வரும் என்பதைத் திட்ட வரைபடத்திலேயே குறித்துவிட்டு, அதைச் சுற்றி வரும் ஒவ்வொரு மனைப்பிரிவின் ஓ.எஸ்.ஆர். பங்கும் அந்த இடத்திலேயே சேரும்படி செய்யலாம். நிலம் அங்கே விழாதவர்கள் பணம் கொடுப்பார்கள். அந்தப் பணம் நிலத்தை விட்டவருக்குப் போகும். பழைய நகரத்துக்கு இது உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பள்ளி மைதானங்களை மாலையிலும் விடுமுறையிலும் திறந்துவிடுவது, அரசுத் துறைகளின் பயன்படாத வளாகங்களைக் கேட்டு வாங்குவது, ஏரிக்கரைகளை நடக்கத் தக்கவை ஆக்குவது என்று கிடைப்பதை வைத்துத்தான் சமாளிக்க முடியும். இடித்துக் கட்டும் சிறு அடுக்குமாடிகளும் தளப் பரப்புக்கு ஏற்ப ஒரு சிறு தொகை தர வேண்டும் என்று ஆக்கினால் அந்தச் செலவுக்குக் கொஞ்சம் வழி பிறக்கும்.

புதிதாகக் கேட்பதற்கு முன், ஏற்கெனவே வாங்கியது எங்கே என்ற கேள்வியும் இருக்கிறது. பல்லாண்டுகளாகத் தானப் பத்திரம் எழுதி வாங்கிய நிலங்களில் எத்தனை இன்று பூங்காவாக இருக்கின்றன, எத்தனையில் தண்ணீர்த் தொட்டியும் குப்பைக் கிடங்கும் கோயிலும் கட்சிக் கொடிமேடையும் நிற்கின்றன என்பதை ஒரு சாதாரணக் குடிமகன் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி வேண்டும். பெங்களூருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடர்ந்தவர்கள் அப்பகுதிவாசிகள், அவர்களுக்கு அந்த இடம் பூங்கா என்று தெரிந்திருந்ததால்தான் தொடர முடிந்தது. உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் உள்ள பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பட்டியலிட்டு வெளியிட வேண்டும் என்று சொல்கிற சட்டம் தமிழ்நாட்டில் 1959-லேயே வந்துவிட்டது. பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன. அனுமதி வரைபடங்கள் சி.எம்.டி.ஏ.விலும் நகர் ஊரமைப்பு இயக்ககத்திலும் (டி.டி.சி.பி.) இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து, புல எண், பரப்பு, இன்றைய பயன்பாடு என்று மூன்று பத்திகளில் எழுதி வார்டு வாரியாக வெளியிடப் புதுச் சட்டமும் தேவையில்லை, நிலமும் வாங்க வேண்டாம்.